குமிழி வராத வாளி

ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டெலி எழுதுவது. மாமா, அத்தை, நான் மூவரும் சுகம். மாமாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை; அது என்றைக்குச் சுகமாக இருந்தது? உன் இருமல் விட்டதா? வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை ஆய்வுக்கூடத்துக் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறாயா?

"வீட்ல போன் இருக்கும்போது எதுக்குடி கடுதாசி?" என்று அத்தை கேட்கிறாள். போனைக் காதில் வைத்ததும் என் தொண்டையில் மூடி விழுந்துவிடும் என்று உனக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோதெல்லாம் விழுந்த அதே மூடிதான். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் அது என்னை விடவில்லை. பேனாவின் மூடியை மட்டும்தான் நான் நினைத்தபோது திறக்க முடிகிறது.

நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. அரைக் கிலோ வெள்ளைத் தூளைப் பார்த்து அத்தை பயந்துவிட்டாள். உன் சீட்டை வாசித்துக் காட்டினேன்: "இது ஒரு வகைச் சர்க்கரை. தின்றாலும் ஒன்றும் ஆகாது. செருப்பு அலமாரியில் வைத்தால் நாற்றம் போகும்." மாமா உடனே விரலில் தொட்டு நக்கினார். "லேசாத்தான் இனிக்குது. நம்ம வாயாடி படிப்பு மாதிரி. செலவு ஜாஸ்தி, இனிப்பு கம்மி" என்றார். நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்.

ஒரு பெரிய செய்தி. பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சிறுவர் நூலகம் திறக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு மாமாவின் சோப்புக் குமிழி வித்தையைக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் நமக்குத்தான் என்று நூலகத்து அம்மா சொன்னாராம். பிடிக்காவிட்டால் வேனை விற்றுவிட்டுப் பழையபடி பஸ் கண்டக்டராகப் போய்விடுவேன் என்று மாமா சொல்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். ஆனால் முழங்காலைத் தடவிக்கொண்டே சொல்கிறார்.

அப்படி ஆனால் நான் கரைசல் கலக்கும் கொட்டகை இருக்காது, வாளிகள் இருக்காது. நான் எங்கே போய் ஒளிவேன்? அதனால் இந்தமுறை கரைசல் பிரமாதமாக இருக்க வேண்டும். எப்போதும் போல நான் திரைக்குப் பின்னால்தான்.

முப்பது பேர் முன்னால் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசப் போகிறாய் என்றாயே, எப்போது? உன்னால் மட்டும் எப்படி முடிகிறது?

உன்,
சுண்டெலி

*

ஜனவரி 12

என் சுண்டெலிக்கு,

இருமல் போய்விட்டது. அத்தையிடம் சொல், வெந்நீர்தான் குடிக்கிறேன். மாமாவிடம் சொல், என் படிப்பு கடைசியில்தான் இனிக்கும், அதுவரை நக்கிப் பார்க்க வேண்டாம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அந்தத் தூள் ஆய்வுக்கூடத்தில் மிஞ்சியது. தூய்மை போதாது, கொட்டிவிடு என்றார் பேராசிரியர். எனக்கு மனசு வரவில்லை. மூன்று வருஷமாக நான் மாரடிப்பது அதோடுதானே.

பேச்சு இருபத்தைந்தாம் தேதி. முப்பது பேர் என்ன, முந்நூறு பேர் வரட்டும். வாயாடி என்று சும்மாவா பெயர் வைத்தீர்கள்?

திறப்பு விழா எப்படி நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுது.

உன் அக்கா

*

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீ சுகமா?

திறப்பு விழா நடந்தது. நூலகத்தில் நாற்காலிகள் எல்லாம் மஞ்சள் நிறம். சுவரில் ஒரு பெரிய திமிங்கிலம் வரைந்திருக்கிறார்கள். ஜன்னல்கள் தாழ்வாக இருப்பதால் சின்னப் பிள்ளைகளும் வெளியே பார்க்கலாம். நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள்.

மாமா இன்று அவருடைய பழைய கண்டக்டர் பையை எடுத்துத் துடைத்து வெயிலில் காயவைத்திருக்கிறார். சும்மாதான்.

ஒரு சந்தேகம், இதுவும் சும்மாதான். நீ அனுப்பிய சர்க்கரை சோப்புத் தண்ணீரோடு ஒத்துப்போகுமா? கடைச் சர்க்கரையை நான் எப்போதும் கொஞ்சம் சேர்ப்பேன், குமிழி சீக்கிரம் காய்ந்து உடையாது. ஒருவேளை யாராவது கடைச் சர்க்கரைக்குப் பதிலாக அதைச் சேர்த்தால் என்ன ஆகும்? யாரும் சேர்க்கவில்லை. சேர்த்தால் என்று கேட்கிறேன்.

உன் பேச்சு நன்றாக நடக்கட்டும். தண்ணீர் பாட்டில் கொண்டு போ.

சுண்டெலி

*

ஜனவரி 26

அடி கழுதை,

சுகமெல்லாம் அப்புறம். எவ்வளவு கொட்டினாய்?

நாற்காலி நிறம் எழுதியிருக்கிறாய், திமிங்கிலம் எழுதியிருக்கிறாய், பிஸ்கட் எழுதியிருக்கிறாய். குமிழி வித்தைக்குப் போய்விட்டு வந்து கடிதத்தில் ஒரு குமிழிகூட இல்லையே! அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அந்தக் கண்டக்டர் பை ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

சோப்புக்குப் பக்கத்தில் வைக்காதே என்று சீட்டில் எழுதாதது என் தப்பு. என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள்.

சோப்பின் ஒவ்வொரு துகளும் ஒரு தலைப்பிரட்டை என்று வைத்துக்கொள். தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர். வாலுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. அதனால் எல்லாம் மேல்பரப்புக்கு ஓடிவந்து, தலையைத் தண்ணீரில் வைத்து, வாலை வெளியே நீட்டிக்கொண்டு நெருக்கியடித்து நிற்கும். அந்த நெரிசல்தான் குமிழிக்குத் தோல்.

இப்போது என் சர்க்கரைக்கு வா. ஏழு சின்னச் சர்க்கரைகள் கைகோத்து வட்டமாக நின்றால் அது. வளையத்தின் வெளிப்பக்கம் தண்ணீரோடு சிநேகம். நடு ஓட்டைக்குத் தண்ணீரோடு அவ்வளவு ஒட்டுதல் இல்லை. வாலுக்கு வேறென்ன வேண்டும்? சர்ரென்று உள்ளே நுழைந்துகொள்ளும். ஒரு வளையத்துக்கு ஒரு வால். (சில சமயம் ஒரே வாலுக்கு இரண்டு வளையங்கள் போட்டி போடும். அந்தத் தகராறுதான் என் ஆராய்ச்சி.) நுழைந்த பிறகு மேலே ஓட அவசியமில்லை. மேலே ஆளில்லை என்றால் தோல் ஏது, குமிழி ஏது?

உன் சோப்பு எங்கேயும் போகவில்லை. வாளிக்குள்ளேயேதான் ஒளிந்திருக்கிறது. ஒளிவதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

என் பேச்சு தள்ளிப்போயிருக்கிறது. புரொஜெக்டர் ரிப்பேர்.

நடந்ததை நடந்தபடி எழுது.

அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று உன் திட்டிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கால் கிலோ கொட்டினேன். ஆய்வுக்கூடத்துச் சர்க்கரை கடைச் சர்க்கரையைவிட உசத்தியாக இருக்கும் என்று நினைத்தேன். உன் அக்கறையையும் சேர்த்துக் கலக்குவது போல இருந்தது.

மாமா வெள்ளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு குச்சிகளில் கட்டிய கயிற்றை வாளியில் முக்கி, "இதோ பாருங்க, யானை நுழையுற குமிழி!" என்று வீசினார். ஒன்றும் வரவில்லை. கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. மறுபடி முக்கினார். "யானைக்கு வெட்கம். பூனை நுழையுற குமிழி!" ஒன்றுமில்லை. "சரி, எறும்பு!" எறும்புக்கும் வரவில்லை. ஒரு பையன், "மாமா, துணி தோய்க்கிறீங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அத்தை பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டாள். நான் திரைக்குப் பின்னால் வாளி மூடியை மார்போடு கட்டிக்கொண்டு நின்றேன்.

வேனில் வரும்போது மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை. "தண்ணிக்கு இன்னிக்கு மூட் சரியில்ல" என்று மட்டும் சொன்னார்.

உன் கடிதம் வந்த அன்று கொட்டகைக்குப் போனேன். அந்த வாளியை இன்னும் கொட்டவில்லை. வளையம் காலியாக இருக்கும் வரைதானே வால் ஒளிய முடியும்? அப்படியானால் எல்லா வளையத்தையும் நிரப்பிவிட்டால்? சோப்பை ஊற்றிக் கலக்கினேன், ஊற்றிக் கலக்கினேன். செத்த தண்ணீராகவே இருந்தது. பிறகு திடீரென்று, அக்கா, ஒரே ஒரு கரண்டி சோப்புக்கு வாளி உயிரோடு எழுந்தது. நுரை என் முழங்கை வரை வந்தது. நான் கத்திவிட்டேன். பாம்பு என்று நினைத்து மாமா கட்டையோடு ஓடிவந்தார்.

பிறகு கண்ணாடி ஜாடியில் சின்னதாகச் செய்து பார்த்தேன். ஜாடித் தண்ணீரில் ஒரு சின்ன ஸ்பூன் சர்க்கரை. கண் மருந்துக் குப்பியில் சோப்பு. மாமா குழாயால் ஊத ஊத, நான் சொட்டு விட்டேன். முப்பது சொட்டு வரை வெறும் தண்ணீர். முப்பத்தொன்றில் ஜாடி வழிந்தது. மூன்று தடவை செய்தோம், ஒன்றிரண்டு சொட்டுதான் வித்தியாசம். மாமா ஜாடியைக் கும்பிட்டார். "இதுதான்டா வித்தை! யானை, பூனை எல்லாம் இனிமே வேலைக்கு ஆகாது" என்றார்.

அன்றே நூலகத்துக்குப் போய், இன்னொரு வாய்ப்புக் கேட்டிருக்கிறார். மார்ச் முதல் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். அதுவும் சரியாக வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம்.

ஒரு சிக்கல். மாமா ஒரு கையால் குழாயைப் பிடிக்க வேண்டும், மறு கையால் ஜாடிக்கு விளக்குப் பிடிக்க வேண்டும். அத்தைக்குப் பாட்டுப் பெட்டி. சொட்டு விட இன்னொரு கை வேண்டும். மேடையில்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதாவது தலையை ஆட்டினேன்.

சுண்டெலி

*

பிப்ரவரி 11

வாயாடிக்கு,

மாமா சொல்லச் சொல்ல அத்தை எழுதுவது. முழங்கால் பரவாயில்லை. (பரவாயில்லை என்று சொல்லச் சொல்கிறார். படி ஏறும்போது வந்து பார்.) உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சியை மேடை ஏத்த ஒரு வழி சொல்லும்மா. கெஞ்சிப் பாத்துட்டேன், கொஞ்சிப் பாத்துட்டேன். திரையில ஓட்டை போட்டு கையை மட்டும் வெளிய நீட்டுறேங்குறா. ஜாடி மேல தனியா ஒரு கை வந்தா புள்ளைங்க அலறாதா? நீ சொன்னா கேப்பா. நீ கூட்டத்தைக் கண்டு பயப்படாத ஆளு.

போன வாரம் போன்ல நீயும் சரியாப் பேசலையே, என்ன விஷயம்? (இதை நான் எழுத வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.)

மாமா, அத்தை

*

பிப்ரவரி 22

சுண்டெலிக்கு,

தாமதமாக எழுதுகிறேன், கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உனக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும். மேடைக்கு வா, பேசாதே. ஜாடியை மட்டும் பார். எண்ணுவது பிள்ளைகள் வேலை, உளறுவது மாமா வேலை. உன் வேலை சொட்டு விடுவது. அதை உன்னைவிட யாரும் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள்.

சர்க்கரையை ஸ்பூனில் தலைதட்டி அள. கூடினால் கணக்கு மாறிவிடும்.

என் பேச்சு மறுபடி தள்ளிப்போய்விட்டது. புரொஜெக்டர்தான்.

அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம், சுகம்! மாமாவின் முழங்கால்கூடச் சுகம். நேற்று முன்தினம் மேடையில் குதித்தார். நீ எப்படி இருக்கிறாய்?

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்தமுறை நாற்காலி நிறம் கிடையாது.

வீட்டிலிருந்தே ஜாடியில் தண்ணீர் நிரப்பி, ஒரு ஸ்பூன் சர்க்கரை தலைதட்டிப் போட்டுக் கரைத்து, மூடி எடுத்துப் போனேன். மாமா கூப்பிட்டதும் போய் நின்றேன். நீ சொன்னபடி ஜாடியை மட்டும் பார்த்தேன். முன்வரிசைக் குழந்தைகளின் செருப்பு மட்டும் தெரிந்தது. அதில் ஒரு ஜோடி இடம் மாற்றிப் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"எல்லாரும் எண்ணுங்க!" என்றார் மாமா. எண்ணினார்கள். கூரை பிய்ந்துவிடும் போல. முப்பது. முப்பத்தொன்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் வரவில்லை.

முப்பத்தைந்து. நாற்பது. எண்ணுகிற சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். நூலகத்து அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல்முறை வந்த அதே பையன் எழுந்து, "ஏன் மாமா வரல?" என்றான்.

"மந்திரம் தூங்குதுப்பா" என்றார் மாமா. அவர் நெற்றியில் வேர்வை.

"பொய்! இன்னிக்கும் துணிதான் தோய்க்கிறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது, "அதில்ல. இன்னும் வளையம் காலியா இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது. யார் பேசுவது என்று மாமா திரும்பிப் பார்த்தார். நானும் தேடினேன். அக்கா, அது நான்தான்.

"என்ன வளையம்?" என்றான் பையன்.

கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? அவனுக்குத் தெரிய வேண்டுமே. தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை வளையம் நிறைய இருக்கு, சோப்பு ஒவ்வொண்ணும் தலைப்பிரட்டை மாதிரி, வாலை வளையத்துக்குள்ள விட்டுட்டு ஒளிஞ்சுக்கும், எல்லா வளையமும் நிரம்புற வரைக்கும் வெளிய வராது என்றேன். நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கேட்பதற்காக அவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"அப்ப வளையம் தீர்ந்துட்டா?"

"அடுத்த வாலுக்கு எடமே இருக்காது. மேல வந்துதான் ஆகணும்."

"இன்னும் எத்தனை வளையம் இருக்கு?"

"தெரியல. எண்ணினாத்தான் தெரியும்."

எண்ணினார்கள். இப்போது மந்திரத்துக்காக இல்லை, அந்தத் தலைப்பிரட்டைகளுக்காக. "வெளிய வா! வெளிய வா!" என்று இடையில் கத்தினார்கள். ஐம்பது, அறுபது, எழுபது. ஊதி ஊதி மாமாவின் கன்னம் சிவந்துவிட்டது. எண்பத்து நான்காவது சொட்டில் ஜாடி பொங்கியது. நுரை மாமாவின் கோட்டுக் கைக்குள் போயிற்று. அந்தப் பையன் நாற்காலி மேல் ஏறி ஆடினான். நூலகத்து அம்மாவும் கத்தினார். அவர் எண்ணிக்கொண்டிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

வேனில் ஏறியதும் கேட்டேன், "மாமா, ஜாடியைத் தொட்டீங்களா?"

வேன் கண்ணாடியைத் துடைப்பது போல் பாவனை செய்தார். "ஒண்ணே ஒண்ணும்மா. ஒரே ஸ்பூன். வளையம் ஜாஸ்தி இருந்தா வித்தை பலமா இருக்கும்னு..."

என்னுடையது ஒன்று, அவருடையது ஒன்று. இரண்டு ஸ்பூனுக்கு அறுபது சொட்டுதானே வரும்? மிச்சம் இருபத்து நான்கு யாருடையது? பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை பாட்டுப் பெட்டியின் திருகை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"முழு ஸ்பூன்கூட இல்லடி" என்றாள். "முதல் சொட்டுலயே பொங்கிட்டா மானம் போயிடுமேன்னு பயந்து ஒரு முக்கால்..."

முக்கால் ஸ்பூனாம்! கணக்கு சரியாகத்தான் இருந்தது, அக்கா. மாமா வேனை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். நாங்கள் மூவரும் அழும் வரை சிரித்தோம்.

சுண்டெலி

*

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் எல்லோருக்கும் சுகம். உன்னிடமிருந்து பதில் இல்லை.

நூலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. வருஷம் முழுக்க, ஒவ்வொரு சனிக்கிழமையும். ஒரே நிபந்தனை, "அந்த வளையப் பொண்ணு கண்டிப்பா வரணும்." மாமா கண்டக்டர் பையை எனக்குக் கொடுத்துவிட்டார். சோப்புக் குப்பிகள் வைக்கச் சரியாக இருக்கிறது. சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு வாங்கிவிட்டேன்.

ஒன்று கேட்கலாமா? உங்கள் புரொஜெக்டர் உண்மையிலேயே ரிப்பேரா?

எனக்குப் பள்ளியில் வாசிக்க வேண்டிய நாட்களில் எல்லாம் வயிற்றுவலி வரும். உண்மையாகவே வலிக்கும். அதனால்தான் கேட்கிறேன். இரண்டு தடவை ரிப்பேர் ஆன சாமானை யாரும் அப்படியே வைத்திருக்க மாட்டார்களே. வாயாடி என்று எல்லோரும் கூப்பிடுவதால் உனக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்திருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை, மாமாவிடம்கூட.

மீதிச் சர்க்கரையில் கொஞ்சம், ஒரு கண் மருந்துக் குப்பி, ஒரு குழாய் மூன்றும் இத்துடன் அனுப்புகிறேன். ஜாடி அங்கே கிடைக்கும் என்று நினைக்கிறேன். படம் எதுவும் காட்ட வேண்டாம். அவர்களை எண்ணச் சொல்.

உன் சுண்டெலி

*

ஏப்ரல் 2

என் சுண்டெலிக்கு,

சுகமாக இருக்கிறேன். நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக.

புரொஜெக்டர் புத்தம் புதியது. போதுமா?

நேற்றுப் பேசினேன். எழுந்து நின்றதும் உன் மூடி என் தொண்டையில் வந்து விழுந்தது. இதுதான் அதுவா என்று ஆச்சரியமாக இருந்தது. நீ இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் நடமாடினாய்? பேச்சு வராததால் ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பேராசிரியரிடம் குழாயைக் கொடுத்தேன். "எண்ணுங்க" என்று ஒரே வார்த்தை சொன்னேன். எண்ணினார்கள். முதலில் சங்கோசமாக, அப்புறம் உன் பிள்ளைகளைவிடச் சத்தமாக. ஊதி ஊதிப் பேராசிரியரின் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது.

என் கணக்குப்படி நாற்பத்து நான்கில் பொங்க வேண்டும். கரும்பலகையில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தேன். நாற்பத்து நான்கு வந்தது, போனது. ஜாடி சும்மா கிடந்தது. அறை முழுக்க என்னைப் பார்த்தது.

"இன்னும் வளையம் காலியா இருக்கு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், மூடி திறந்துகொண்டது. அதற்குப் பிறகு என்னை நிறுத்தத்தான் ஆள் இல்லை. ஐம்பத்திரண்டில் பொங்கியது. கைதட்டினார்கள். கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒன்றே ஒன்றுக்குத்தான் மழுப்பிவிட்டேன். எட்டுச் சொட்டு ஏன் கூடியது என்று பேராசிரியர் கேட்டார்.

அவரிடம் எப்படிச் சொல்வது? உள்ளே போகுமுன் வராந்தாவில் நின்று, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டேன்.

அடுத்த மாதம் லீவில் வருகிறேன். மாமாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல். அந்தப் பூட்டின் சாவியை நான் கேட்டாலும் கொடுத்துவிடாதே. நம் வீட்டில் உன்னைத் தவிர யாரையும் நம்பி ஸ்பூனைக் கொடுக்க முடியாது.

உன் அக்கா